மாடியில் இருப்பவன், இரண்டாம் முறை

ஹிரண்மய் பாபு கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் லாம்ப் ரூமுக்கு வந்தது நாலு பழைய எண்ணெய் விளக்கு இரவல் கேட்கத்தான். 1969, துர்கா பூஜை முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். சினிமா எடுக்கிறவர், கேட்டதைக் கொடு என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஏழுமலை வழக்கம்போல் துண்டை முகத்தின் இடப்பக்கத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். நாலாவதை ஏற்றிக் காட்டச் சொன்னார் அவர். திரி ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அதைத் தூண்டியபோது துண்டு நழுவி விழுந்தது.

ஹிரண்மய் பாபு விளக்கை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்.

ஏழுமலை ஜோலார்பேட்டைக்காரன். இருபத்திரண்டு வயதில் எஞ்சினில் கரி தள்ளும் ஃபயர்மேனாகக் கரக்பூருக்கு வந்து, அங்கிருந்து சாந்த்ராகாச்சிக்கு மாற்றலாகி, கல்யாணமாகி, மகள் வத்சலா பிறந்து, எல்லாம் முறையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அறுபத்தைந்தில் ஒரு நாள், சரக்கு வண்டி மேட்டில் திணறிக்கொண்டிருந்தபோது அடுப்பின் கதவைத் திறந்தான். காற்று திரும்பிவிட்டது. உள்ளே போக வேண்டிய தீ வெளியே வந்தது. யார் மேலும் தப்பில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அவனும் அதையேதான் சொன்னான். நாலரை மாதம் ஆஸ்பத்திரி. இடது காது போயிற்று. இடது கண்ணின் கீழிமை இழுபட்டு, உள்சிவப்பு எந்நேரமும் தெரிந்தது. கன்னம் உருகி ஆறிய மெழுகுபோல் ஆகிவிட்டது. உதட்டோரம் மேலேறிக்கொண்டு இரண்டு பற்கள் மூடாமல் நின்றுவிட்டன. எஞ்சின் வேலைக்குத் தகுதியில்லை என்று, சிக்னல் விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றும் லாம்ப் ரூமில் போட்டார்கள். தனி அறை. யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

ஆனாலும் நாலு வருஷத்தில் ரயில்வே காலனிக்கு அவன் முகம் பழகியிருந்தது. முதலில் பழகியது பிள்ளைகள்தான். விஸ்வகர்மா பூஜைக்குக் காற்றாடி விடும் நாட்களில், நூலுக்கு மாஞ்சா போட உடைந்த விளக்குக் கண்ணாடி வேண்டுமென்று வந்து நிற்பார்கள். "ஏழு காக்கா, காஞ்ச் தாவ்" என்று, அதாவது சித்தப்பா கண்ணாடி கொடு என்று, கையை நீட்டும்போது அவன் முகத்தை நேராகத்தான் பார்ப்பார்கள். அப்போதெல்லாம் துண்டு எங்கே இருக்கிறது என்றே அவனுக்கு நினைவிருக்காது.

ஹிரண்மய் பாபு மறுநாள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். பாலிகஞ்சில் இடிக்கப்போகும் பழைய மாளிகை ஒன்று கிடைத்திருக்கிறது, அதில் ஒரு படம் எடுக்கிறேன், நீங்கள் நடிக்க வேண்டும் என்றார். "வேஷம் கட்ட வேண்டாம். ஒரு வார்த்தை பேச வேண்டாம். அந்த வீட்டின் பழைய வேலைக்காரன். எஜமான் குடும்பம் போன பிறகும் வீட்டை விட்டுப் போகாத விசுவாசி. விளக்கைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கதைப்படி அந்த வேலைக்காரன் செத்துப்போய் முப்பது வருஷமாயிற்று என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஏழுமலை தயங்கினான். மனைவி நாகரத்தினம்தான் விடவில்லை. "பெரிய மனுஷன் வூடு தேடி வந்து கூப்புடறாரு. நாலு வருஷமா செவுத்தையே பாத்துகினு கீறீங்க. போய்ட்டு வாங்க" என்றாள். அவள் சொன்னால் அவன் கேட்பான். ஆஸ்பத்திரியில் நாலரை மாதமும் கட்டுப் பிரித்துக் கட்டியவள் அவள். நர்சுகள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலையை அவள் கீரை ஆய்கிறவள்போல் அமைதியாகச் செய்தாள். உலகத்தில் யார் முகம் சுளித்தாலும் அவள் சுளிக்கவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவன் எழுந்து நடமாடினான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஹவுராவுக்கு ரயிலிலும் அங்கிருந்து பாலிகஞ்சுக்குப் பஸ்ஸிலும் போய்வந்தான். வாடகைக் கேமரா ஒன்று, பத்து ஆட்கள், மதியத்துக்குக் கிச்சடி. ஃபிலிம் சுருள் போதாது என்று எல்லாக் காட்சியையும் ஒரே தடவையில் எடுத்தார்கள். அவன் படியில் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், மெதுவாகத் திரும்ப வேண்டும், கையிலிருக்கும் விளக்கை முகத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். திரும்பினான். பக்கத்தில் நின்ற லைட்காரன் "மா கோ" என்று, அம்மாடி என்பதுபோல், முனகினான். லைட் சுட்டுவிட்டது போலிருக்கிறது என்று ஏழுமலை நினைத்துக்கொண்டான்.

படத்தின் பெயர் 'தோதலார் லோக்'. மாடியில் இருப்பவன் என்று அர்த்தம். எழுபதாம் வருஷக் குளிர்காலத்தில் வெளிவந்தது. நக்சல் கலவர நாட்கள், தினம் எங்காவது குண்டு வெடிக்கும், கடைகள் மூடும். அந்த வருஷத்திலும் ஹவுராவில் ஹால் நிரம்பியது. ஏழுமலை, நாகரத்தினம், ஒன்பது வயது வத்சலா, காலனியில் இன்னும் நாலு குடும்பம், எல்லோரும் ஒரு சனிக்கிழமை மேட்னிக்குப் போனார்கள். நாகரத்தினம் கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, "எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க" என்று கேட்டபடி இருந்தாள்.

பாதிப் படம் வரை அவன் வரவே இல்லை. மாடியில் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஹாலில் இருமல்கூட இல்லை. பிறகு அந்தப் படிக்கட்டு வந்தது. அந்த முதுகு வந்தது. அது திரும்பியது.

நூறு நூற்றைம்பது பேர் ஒரே குரலாக அலறினார்கள். அவன் காதருகே ஒரு குரல் தனியாகக் கேட்டது. "ஐயோ" என்று அடிவயிற்றிலிருந்து கத்தி, நாகரத்தினம் அவன் கையைப் பிடித்து, முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் நடுங்கியது. எந்த மனிதனைப் பார்த்துப் பயந்தாளோ அவன் தோளிலேயே ஒளிந்துகொண்டிருந்தாள். ஏதோ ஒரு கணத்தில் அது அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். நடுக்கம் நின்றது. தலையைத் தூக்கினாள். அவன் கையிலிருந்து தன் விரல்களை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

படத்தில் அந்த முகம் மொத்தம் மூன்று முறை வந்தது. மூன்றையும் சேர்த்தால் ஒரு விளக்கின் திரியைக் கத்தரிக்கும் நேரம்கூட இருக்காது. அவ்வளவு போதுமாக இருந்தது. படம் பதினோரு வாரம் ஓடியது.

அன்று வீட்டுக்கு வந்து அவள் சோறாக்கினாள், ரசம் வைத்தாள், பரிமாறினாள். ஹாலில் நடந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. ஒன்பது வருஷம் பேசவில்லை. அவள் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. சண்டை இல்லை, சிடுசிடுப்பு இல்லை. ஆனால் அவனுக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. விளக்குக் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அதே கேள்விதான். அந்தப் பயம் அன்றைக்கு வந்ததா, அன்றைக்கு வெளியே வந்ததா?

பிள்ளைகள் கண்ணாடி கேட்டு வருவது நின்றுபோயிற்று. தூரத்தில் நின்று "தோதலார் லோக்" என்று கூவிவிட்டு ஓடினார்கள். முன்பு பழகிய பிள்ளைகள்தான். பழகியதை ஒரு மேட்னி அழித்துவிட்டது. ஏழுமலை துண்டை மறுபடியும் இழுத்துவிட்டுக்கொண்டான். இம்முறை தூங்கும் நேரம் தவிர வீட்டிலும் அதை எடுக்கவில்லை.

எழுபத்தெட்டு முடிவில் ஹிரண்மய் பாபு ஒரு சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு திரும்ப வந்தார். தலை நரைத்து, சட்டைக் காலர் நைந்திருந்தது. நடுவில் எடுத்த இரண்டு படமும் ஓடவில்லையாம். "இரண்டாம் பாகம் எடுக்கிறேன். அந்த முகம் இல்லாமல் படம் இல்லை" என்றார். நாகரத்தினம் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"முடியாது பாபு" என்றான் ஏழுமலை.

அவர் கதை எழுதிய நோட்டைப் படித்தாவது பாருங்கள் என்று விட்டுப்போனார். அவனுக்கு வங்காளி பேசத்தான் வரும். வத்சலாதான் படித்தாள். பதினேழு வயது, தமிழைவிட வங்காளியில்தான் கனவு காண்கிறவள். நாலு பக்கம் படித்ததும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"நைனா, பேய் ஹவுரா பிரிட்ஜ் மேல பறக்குதாம். ஒரு ரப்பர் கை தனியா வந்து டீ குடிக்குதாம். கடசீல நீ கால்ல குங்குரூ சலங்கை கட்டிகினு ஆடறியாம்!"

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, தரையில் சாய்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். ஏழுமலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் படம் உருப்படாது என்பது அவனுக்குப் புரிந்தது. ஹால் முழுக்க இப்படித்தான் சிரிக்கும். நாகரத்தினமும் சிரிப்பாள். இருட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், அந்த அலறல் கழுவிக்கொண்டு போய்விடும். பிள்ளைகளும் சிரித்துவிட்டால் கண்ணாடி கேட்டு வருவார்கள்.

மறுநாள் பாலிகஞ்சுக்குப் போய், "நடிக்கிறேன்" என்று சொன்னான்.

நாற்பத்தொன்பது வயதில் அவன் ஆடினான், கயிற்றில் தொங்கினான், வாயைத் திறந்து திறந்து மூடினான். குரலுக்கு யாரோ நாடக நடிகர் ஒருவர் பிறகு சிரித்துக் கொடுத்தார். மேக்கப்காரர் அவன் கன்னத்தில் களிமண்போல் எதையோ அப்பினார். கேமராவில் பார்த்துவிட்டு ஹிரண்மய் பாபு உதட்டைப் பிதுக்கினார். "முன்போல் இல்லையே. முகம் பழகிப்போய்விட்டது. இன்னும் கொஞ்சம் பூசு" என்றார். அந்த வார்த்தை ஏழுமலைக்குத் தேனாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டான். பழகிப்போய்விட்டது.

'ஆபார் தோதலார் லோக்' எழுபத்தொன்பதில் மழைக்காலத்தில் வந்தது. மறுபடியும் மாடியில் இருப்பவன். நாகரத்தினம் வர மறுத்தாள். முழங்கால் வலி என்றாள். அவன் அவளிடம் எதையும் கெஞ்சியவன் இல்லை. அன்று கெஞ்சினான். "ரத்தினம், இந்த ஒரு தபா. வேற எதுவும் உன்ன கேக்க மாட்டேன்" என்றான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

ஹாலில் பாதி நாற்காலி காலி. காலனிப் பையன்கள் முன் வரிசையில் இருந்தார்கள். படம் தொடங்கிப் பத்தாவது நிமிஷத்திலேயே அவன் முகம் வந்துவிட்டது. முழுத் திரைக்கு வந்து நின்றது. யாரும் கத்தவில்லை. ஒரு பையன் விசிலடித்தான். ரப்பர் கை டீ கிளாஸைத் தூக்கியபோது ஹால் சிரித்தது. நடுவில் கரண்ட் போய் இருபது நிமிஷம் எல்லோரும் நியூஸ்பேப்பரால் விசிறிக்கொண்டார்கள். "பேய் பில் கட்டவில்லை" என்று ஒருவன் கத்த, அதற்கும் சிரிப்பு.

"நைனா, மொத படத்துல ஒரு இது இருந்துச்சி. அடுத்து இன்னா வருமோன்னு தெரியாது. இது ஏகேபாரே பாஜே" என்றாள் வத்சலா. முழுக்கக் குப்பை என்று சொல்கிறாள். இருட்டில் ஏழுமலை சிரித்தான். உதடு இழுபட்டு வலித்தது, அப்படியும் சிரித்தான். ஹிரண்மய் பாபுவை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்கும் அவன் நெஞ்சிலிருந்து ஒவ்வொரு கல்லாக இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் குங்குரூ ஆட்டம் வந்தது. கயிறு தெரியத் தெரிய அவன் மாடியிலிருந்து இறங்கி ஆடினான். பையன்கள் நாற்காலியைத் தட்டித் தாளம் போட்டார்கள். வத்சலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இப்போது, இப்போது என்று ஏழுமலை நாகரத்தினத்தின் பக்கம் திரும்பினான்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்தியிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. சுற்றிலும் அத்தனை பேர் சிரிக்க, அவள் மட்டும் ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருக்கும் குழந்தைபோல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் திரும்பியதை எப்படியோ உணர்ந்து, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"முடிஞ்சிடுச்சா?"

அவள் படத்தில் ஒரு நிமிஷம்கூடப் பார்த்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வத்சலா படத்தின் கூத்தைச் சொல்ல அடுத்த குவார்ட்டர்ஸுக்கு ஓடினாள். நாகரத்தினம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை சமையலறை நிலையில் சாய்ந்து நின்றான். ஒன்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டான்.

"எதுக்கு கண்ண மூடிகினு இருந்த? எல்லாரும் சிரிச்சாங்களே."

அவள் திரும்பவில்லை. பாத்திரத்தை ஸ்டவ்வில் வைத்தாள்.

"கத்திடுவேனோன்னு பயம்" என்றாள்.

"அதுல பயப்படறதுக்கு இன்னா இருந்துச்சி?"

"படத்துல ஒண்ணும் இல்லங்க." ஸ்டவ் திரியைத் தணித்தாள். "ஆஸ்பத்திரில மொத நாளு கட்டு பிரிச்சாங்க இல்ல, அன்னிக்கி டாக்டரம்மா என்ன வெளிய கூட்டிகினு போய் சொன்னாங்க. அவர் உன் மூஞ்சத்தான் பாப்பாரு, நீ கத்திட்டீன்னா அவர் பொழைக்க மாட்டாருன்னாங்க. நா கத்தல. நாலரை மாசமும் கத்தல. அப்பறமும் கத்தல. மொத படத்தப்ப இருட்டுல எல்லாரும் கத்தனாங்க, எனக்கும் வந்துடுச்சி. நிறுத்த முடில."

ஏழுமலைக்குக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப, இத்தினி வருஷமும்? தெனமும்?"

"தெனமும்னு இல்ல" என்றாள் அவசரமாக. பிறகு, பொய் சொல்லிப் பழகாதவள் என்பதால், தணிந்த குரலில் சொன்னாள். "பொழுதோட ஒண்ணும் தோணாதுங்க. காலைல கண்ணத் தொறந்ததும் மொதல்ல பாக்கறப்பதான். ஒரு நிமிசம். அப்பறம் நீங்கதான்னு ஆயிடும்."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவனுக்கு அவளைத் தொட்டு ஆறுதல் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதற்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். நிலையிலேயே நின்றான். "சரி, உடு. அழாத" என்றான்.

படம் ஆறாவது நாள் தூக்கப்பட்டது. முதல் படத்தின் கால் தூசிக்கு ஆகாது என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த விஸ்வகர்மா பூஜைக்கு இரண்டு பையன்கள் லாம்ப் ரூம் வாசலில் வந்து நின்று, உடைந்த கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒருவன் அந்தக் குங்குரூ ஆட்டத்தை ஆடிக் காட்டினான். ஏழுமலை கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தான். ஒன்றும் வரவில்லை.

அவன் காலை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். நாலரைக்கு எழுந்து, விளக்குப் போடாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் கண் விழிப்பதற்குள் கிளம்பிவிடுவான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சில நாள் அவள் விழித்தபடி படுத்திருக்கிறாள் என்று மூச்சிலேயே தெரியும். சுவர்ப்பக்கம் திரும்பி, அவன் போவதற்காகக் காத்திருப்பாள். அவனும் ஒன்றும் தெரியாதவன்போல் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவான்.

வத்சலா வேலைக்குப் போய், ஆபீசில் கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டு கல்கத்தாவில் லேக் கார்டன்ஸுக்குப் போனாள். எண்பத்தெட்டில் அவனுக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பக்கத்து ஸ்டேஷனான ராம்ராஜாதலாவில் ஓர் அறை எடுத்தார்கள். ரிடையரான மறுநாளும் அவன் நாலரைக்கு எழுந்தான். போக இடமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். முதல் லோக்கல் போயிற்று, இரண்டாவது போயிற்று. அவள் எழுந்து, முகம் கழுவி, ஸ்டவ் பற்றவைத்திருப்பாள் என்று தோன்றிய பிறகுதான் எழுந்து வீட்டுக்கு நடந்தான். மறுநாளும் அப்படித்தான்.